ஏழாம் பொருள்: வடக்குச் சுவரோரம்

முதல் ஆறையும் அரைமணியில் முடித்துவிட்டோம்.
சைக்கிள் கொட்டகைக்குப் புதுப் பூட்டு,
சலவை அறையில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறை,
இன்னபிற.
ஏழாவதில் மாட்டிக்கொண்டோம்.

லிண்டன் மரத்தடி. நான்குக்கு மூன்று மீட்டர்.
கோத்தன்பர்க்கின் வெயில் எங்கெல்லாமோ போகும்,
இங்கே மட்டும் வராது.
பதினோரு வசந்தங்களாகப் புல்விதை தூவினோம்.
பதினோரு கோடையிலும்
மண் தன் வழுக்கையைத்தான் காட்டியது.

நான் செயலாளர். பேசுவதல்ல, எழுதுவதே என் வேலை.
எழுதினேன்:

ஐவி வைக்கலாம் என்றார் குன்வோர்.
ஒருமுறை வைத்தால் போதும், நமக்குப் பின்னும் இருக்கும்.
அதுதான் பயம் என்றாள் ஷிரின்.
தரை கேட்டு வந்து சுவரைப் பிடிக்கும்,
சுவரைப் பிடித்து ஜன்னலைத் தட்டும்.

விங்கா? நீலப் பூ, நிழலுக்கு அஞ்சாது.
அதுவும் கால் நீட்டும் ஜாதிதான்.
மிஸ்க்மாத்ரா? காய்ந்தால் புதுவைக்கோல் வாசம்.
ஈரம் வேண்டுமே, என்றார் தூலா,
இந்த மரம் குடித்த மிச்சம்
ஒரு டம்ளர் தேறாது.

கடைசியில் கேள்வி சுருங்கியது:
யார் தண்ணீர் ஊற்றுவது?
எல்லோரும் மேஜையைப் பார்த்தோம்.
யார் களை எடுப்பது?
மேஜையை இன்னும் கவனமாகப் பார்த்தோம்.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

ஆக,
நீர் கேட்காத, உரம் கேட்காத,
வெயிலுக்கு ஏங்காத, வெட்டச் சொல்லாத,
பனியிலும் இலை உதிர்க்காத,
பக்கத்து இடத்துக்குள் நுழையாத ஒன்று.

செடியைத்தான் சொல்கிறோமா என்று
பேனாவை ஒரு கணம் நிறுத்தினேன்.
மூன்றாம் மாடிக்கு வாடகை ஆள் தேடியபோதும்
இதே பட்டியல்தான்,
இதே நோட்டு, ஏறக்குறைய இதே பக்கம்.
அதற்குப் பொருந்தி வந்தவர் இங்கேமார்.
மூலையில் உட்கார்ந்திருந்தார்.
நான்கு வருடத்தில் ஒரு புகார் இல்லை.
ஒரு பூவும் இல்லை.

வால்ட்ஸ்டைனியா என்று முடிவாயிற்று.
ஸ்ட்ராபெரி இலையின் சாயல், சித்திரை வாக்கில் மஞ்சள் பூ,
மரவேர்களுக்கு இடையில் எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும்.
சதுர மீட்டருக்கு ஒன்பது.
பெருக்கினேன், நூற்றெட்டு.

அப்போதுதான் இங்கேமார் கை தூக்கினார்.
"கொட்டகைக்குப் பின்னால்
ஏற்கனவே ஒன்று வந்திருக்கிறது.
யாரும் வைக்கவில்லை. நல்ல பச்சை."

குன்வோர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.
ஷிர்ஷ்கோல்!
நகக்கண் அளவு வேர் மிஞ்சினாலும்
ஆடிக்குள் ஐம்பதாகும் அந்தச் சனியனா?

"சூப் வைக்கலாம்," என்றார் இங்கேமார்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை.
எழுதிவிட்டேன்.

நூற்றெட்டும் நட்டோம். முதல் வருடம்
அவை எங்களைப் போலவே
ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.
அடுத்த வருடம்
எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது
என்று தெரியவில்லை.
நடுநடுவே, அழைக்காமல்,
மடித்த கைக்குட்டை போல்
ஷிர்ஷ்கோல் தளிர்கள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில்
பாத்திரமும் சின்னக் கத்தியுமாக
மரத்தடியில் குந்தியிருக்கிறார் இங்கேமார்.
களையெடுப்பா என்று கேட்டால்
இல்லை, சமையல் என்கிறார்.
மூன்றாம் மாடியில் ஏழு கிண்ணங்கள்.
தூலா ரொட்டி கொண்டுவருவார்.
குன்வோர் ஒரு வாரம் வரமாட்டேன் என்றார்,
மறுவாரம் ஸ்பூனோடு வந்தார்.

ஆண்டறிக்கையில்
வடக்குச் சுவரோரம் என்ற தலைப்பின் கீழ்
எழுதியிருக்கிறேன்:
நீர்ச் செலவு, பூஜ்யம். ஆள் கூலி, பூஜ்யம்.
குறை ஏதும்: உப்பு கொஞ்சம் போதவில்லை.